கரையான்சாவடியில் கூண்டேறிய பேச்சு

அம்பத்தூரிலோ திருவேற்காட்டிலோ ஒருவர் பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னால் நிலத் தகராறு, வாடகைப் பாக்கி, திரும்பி வந்த காசோலை என்று எதுவாகவும் இருக்கலாம். அதையே மதுரையிலோ ராமநாதபுரத்திலோ சொன்னால் கேட்பவர் முகம் மாறும். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களுக்குப் பூந்தமல்லி கோர்ட் என்றால் ஒன்றுதான்: கரையான்சாவடியில் போலீஸ் காவலுக்கு நடுவே இயங்கும் சிறப்பு நீதிமன்றம். தடா, பொடா, வெடிகுண்டு வழக்கு, இப்போது தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டின் மிகக் கடுமையான சட்டங்கள் இந்த ஊரில்தான் இறங்கியிருக்கின்றன.

திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. வரதராஜப் பெருமாள் கோயிலும் மல்லிகையும் இதன் பழைய அடையாளங்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் சாலை இதன் வழியாகப் போவதால் கும்பினிக் காலத்திலிருந்தே படைமுகாம், சந்தை, வண்டிப்பேட்டை என ஊர் ஓயாமல் நடமாட்டத்தில் இருந்தது. அரசியல் சாசனம் வந்து பேச்சுரிமை, எழுத்துரிமை, கூடும் உரிமை என்று எழுதி வைப்பதற்கு முன்பே, ஆட்சியாளரிடம் குறை சொல்லும் வழியை இந்த வட்டாரத்து மக்கள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1790களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் வரித்திட்டத்தை இறுக்கியபோது, அதை ஒப்பாத பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் ஊரைக் காலி செய்து வெளியேறினார்கள். உழவு நின்றால் வரி நிற்கும், அப்போதாவது காது கொடுப்பார்கள் என்பது கணக்கு. மிராசுதாரர்கள் நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் வயலில் உழைத்த பண்ணையாட்களுக்கு வெளியேறும் வசதிகூட இருக்கவில்லை.

பிறகு மனு வந்தது. 1852இல் காஜுல லட்சுமிநரசு செட்டியின் சென்னை சுதேசி சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கே ஒரு நீண்ட மனுவை அனுப்பியது. வரி வசூலிக்க ரயத்துகளை அடித்துச் சித்திரவதை செய்யும் வழக்கத்தை அந்தக் காலத்தில் வெளியே கொண்டுவந்ததில் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1855இல் விசாரணைக் கமிஷனின் அறிக்கை வந்து அந்தக் கொடுமையை அரசாங்கமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மனுக் கொடுக்கும் உரிமையை அமெரிக்கச் சாசனத்தின் முதல் திருத்தம் பெயர் சொல்லிக் காக்கிறது. நம் சாசனத்தின் 19ஆவது பிரிவில் அந்தச் சொல் இல்லை. ஆனால் 350ஆவது பிரிவு, எந்த அதிகாரியிடமும் மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. திங்கட்கிழமை தோறும் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் கையில் தாளோடு வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தப் பிரிவின் எண் தெரியாது. தமிழில் எழுதினால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பேச்சுரிமையின் கதையும் சென்னையில்தான் தொடங்குகிறது. சாசனம் நடைமுறைக்கு வந்து 5 வாரங்கள்கூட முழுதாக ஆகவில்லை. 1950 மார்ச் 1ஆம் தேதி, பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று மாகாண அரசு தடை போட்டது. கம்யூனிஸ்டுகள் மீது கடும் அடக்குமுறை நடந்த நேரம் அது. அதற்கு இரண்டரை வாரங்களுக்கு முன்னால், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்திருந்தார்கள். இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சென்னையில் வக்கீலாக வளர்ந்த பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு மே 26 அன்று வந்தது. அரசின் பாதுகாப்பே ஆட்டம் காணும் நிலை வேறு, பொது ஒழுங்கு குலைவது வேறு. பின்னதைச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்கச் சாசனம் இடம் தரவில்லை என்று தடையை நீக்கினார்.

அந்த வெற்றிக்கு ஆயுசு ஓராண்டுதான். 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம், பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களில் பொது ஒழுங்கையும் சேர்த்துக்கொண்டது. 1963இல் வந்த 16ஆவது திருத்தத்துக்கும் தமிழ்நாடுதான் காரணம். 1962 தேர்தலில் 50 சட்டமன்ற இடங்களை வென்ற திமுகவின் திராவிட நாடு முழக்கம் டெல்லியைக் கவலைப்பட வைத்தது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் என்ற புதிய வரம்பு 19ஆவது பிரிவில் ஏறியது. அந்த ஆண்டிலேயே திமுக பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. இரண்டு திருத்தங்களுக்கும் நடுவில், 1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காப்பாற்றும் மதப் பிரிவுகள் என்று சொல்லி அரசியல் சட்டத்தின் சில பக்கங்களைக் கொளுத்தும் போராட்டத்தைப் பெரியார் நடத்தினார். அதற்கென்றே மாநில அரசு மூன்றாண்டுச் சிறைவரை தரும் ஒரு சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியும் ஆயிரக்கணக்கானோர் கொளுத்திவிட்டுச் சிறைக்குப் போனார்கள். ஆகவே 19ஆவது பிரிவைப் படிக்கும்போது, உரிமை ஒரு வரியிலும் அதற்கான வேலி பல வரிகளிலும் இருப்பதைப் பார்த்து எந்தத் தமிழரும் வியப்படைய வேண்டியதில்லை. அந்த வேலியில் பல கம்புகள் இங்கே நடந்தவற்றால் ஊன்றப்பட்டவை.

பூந்தமல்லி இந்தக் கதைக்குள் வருவது 1991க்குப் பிறகு. மே 21 அன்று, அதே பெங்களூர்ச் சாலையில் மேற்கே இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வழக்கு தடா சட்டத்தின் கீழ் பூந்தமல்லிச் சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, பத்திரிகையாளர்களுக்கும் இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கலாம் என்று தடாவின் 15ஆவது பிரிவு சொன்னது. சாதாரணச் சட்டத்தில் அப்படிச் செய்ய முடியாது. 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்தது: கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு.

இருபத்தாறு பேருக்கும். நாட்டையே உலுக்கிய கொலைதான், இன்னும் பலர் அதில் உயிரிழந்தார்கள், அந்தத் துயரத்தை யாரும் சிறிதாக்க முடியாது. ஆனால் ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், 1999 மே 11 அன்று, உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 19 பேரை வெளியே விட்டது. நடந்தது தடா சொல்லும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்றும் முடிவு செய்தது. கதவு மூடியிருந்த அறையில் தூக்குத் தண்டனை பெற்றவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வீடு திரும்பினார்கள். பத்திரிகையாளர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறேழு ஆண்டுகளில் அங்கே என்ன நடக்கிறது என்ற கேள்வியை ஊர் கேட்டிருக்கும். பத்திரிகைச் சுதந்திரம் என்று பெரிதாகப் பேசுவதன் நடைமுறைப் பயன் இவ்வளவுதான், இதற்காகவே அதைக் காக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக்கான பணத்தையும் ஆதரவையும் திரட்டியது பழ. நெடுமாறன் முன்னின்று நடத்திய 26 தமிழர் உயிர்ப் பாதுகாப்புக் குழு. பொதுக்கூட்டம், துண்டறிக்கை, உண்டியல் வசூல் என்று எல்லாமே 19ஆவது பிரிவு தரும் உரிமைகளைக் கொண்டு நடந்த வேலை. நான்கு ஆண்டுகள் கழித்து அதே நெடுமாறன், பேசியதற்காகப் பொடாவில் கைதானார்.

2002 முதல் 2004 வரையான இரண்டு ஆண்டுகள் தமிழ்நாட்டின் அடிப்படை உரிமைகளுக்கு நெருக்கடிக் காலம். எமர்ஜென்சியைப் போல அறிவித்துவிட்டு வந்ததல்ல, ஒவ்வொன்றாக வந்தது. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி, 425க்கு 296 என்ற வாக்கில் பொடாவை நிறைவேற்றின. ஆளுங்கூட்டணியில் இருந்த மதிமுகவும் ஆதரித்தது. அப்போது சிவகாசி எம்பியாக இருந்த வைகோ, ஜூன் 29 அன்று திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை நேற்றுப் போலவே இன்றும் நாளையும் ஆதரிப்பதாகப் பேசினார். இலங்கையில் பிப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, கொழும்பு அரசே புலிகளோடு பேசத் தயாராகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய அவரைச் சென்னை விமான நிலையத்தில் ஜெயலலிதா அரசின் போலீஸ் கைது செய்தது. தான் ஆதரித்த சட்டமே தன்மீது பாய்ந்ததை அவர் மறைக்கவும் இல்லை, அதைச் சொல்லிச் சலுகை கேட்கவும் இல்லை. வேலூர் சிறையிலிருந்து பூந்தமல்லிக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேனில் வந்து போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

பொடாவின் 21ஆவது பிரிவுதான் வழக்கின் உயிர். தடை செய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு கேட்பது குற்றம், ஆதரவுக் கூட்டம் ஏற்பாடு செய்வது குற்றம், அப்படிப்பட்ட கூட்டத்தில் ஆதரவை வளர்க்கும் விதமாகப் பேசுவதும் குற்றம். தண்டனை பத்தாண்டு வரை போகலாம். துப்பாக்கியும் வெடிமருந்தும் கைப்பற்றப்படத் தேவையில்லை. மைக்கும் மேடையும் ஒலிநாடாவும் போதும். மேடைப்பேச்சால் வளர்ந்த அரசியல் உள்ள மாநிலத்தில் இந்த ஒரு பிரிவு எத்தனை பேரைத் தொட முடியும் என்று எண்ணிப் பார்த்தால் அதன் வீச்சு புரியும். அதே ஆண்டு நவம்பரில் ஊத்தங்கரைப் பக்கம் நக்சலைட் என்று பிடிக்கப்பட்டவர்களிடையே 18 வயது நிரம்பாத சிறுவனும் இருந்தான். அவர்களும் பூந்தமல்லிக்குத்தான் வந்தார்கள்.

2003 ஏப்ரலில் ‘நக்கீரன்’ இதழின் ஆசிரியர் கோபால் பொடாவில் கைதானார். பத்திரிகை உரிமையைப் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் அவர் பெயர் ஏற்கெனவே தெரியும். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை அவர் வெளியிட முற்பட்டபோது, சிறைத்துறைத் தலைவர் 1994இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். அந்த எழுத்தில் சில அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. அச்சாகும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ கிடையாது, தங்கள் மானம் போனதென்று கருதினால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்று அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதினார். ஒன்பது ஆண்டுகள் முன்பு அந்தத் தீர்ப்பை வாங்கிய ஆசிரியர், இப்போது பூந்தமல்லியில் எதிரியாக நின்றார். வீரப்பனைச் சந்தித்து எழுதியதும், கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தலில் அரசுகளின் தூதராகக் காட்டுக்குப் போனதும் அவருடைய தொழில் வாழ்க்கையின் பெரும் பகுதி. நிருபர் காட்டுக்குப் போனது செய்திக்காகவா வேறெதற்காகவா என்று தீர்மானிக்கும் இடத்தில் போலீஸ் இருப்பது ஆபத்து. தமிழ்ப் பத்திரிகை உலகம் அதை அப்போது நன்றாகவே உணர்ந்தது.

கோட்டையிலும் அதே காற்றுதான் அடித்தது. 2003 நவம்பர் 7 அன்று, ஒரு தலையங்கத்துக்காக ‘தி இந்து’வின் ஐவருக்கும், அதை மொழிபெயர்த்து வெளியிட்ட ‘முரசொலி’யின் ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தது. அதற்கு முன் ஜூலையில், வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலையை இழந்திருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ அற உரிமையோ கிடையாது என்று ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பாயிற்று. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துத் திரும்பினார்கள். மதத்தையும் விட்டுவைக்கவில்லை. 2002 அக்டோபர் 5 அன்று வந்த கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் மூன்றாண்டுச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மாறுபவர் தலித், பழங்குடி, பெண் அல்லது சிறார் என்றால் நான்காண்டும் ஒரு லட்சமும். தன் மதத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் அறிவு இவர்களுக்குக் குறைவு என்ற நினைப்பு அந்த அட்டவணைக்குள் ஒளிந்திருந்தது. 25ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் ஒரே அளவில்தான் கொடுத்திருக்கிறது.

வேலைநிறுத்தத் தீர்ப்பு அதிகம் உறைத்தது ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில். 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது ஆவடியில்தான். ஆறாண்டுகளில் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. பக்கத்திலேயே ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை. அம்பத்தூரில் 1960களில் தொழிற்பேட்டை. ஷிப்ட் மாறும் வேளையில் வாசலில் கூடி நடக்கும் கேட் மீட்டிங்தான் இந்தப் பகுதியின் பொதுக்கூட்டம். அந்தக் கூட்டத்துக்கும் ஒரு தீர்ப்பின் காப்பு உண்டு. ஊர்வலமும் ஆர்ப்பாட்டமும் பேச்சின் ஒரு வடிவமே, அரசு ஊழியர் என்பதற்காக அதை ஒருவருக்கு மறுக்க முடியாது என்று 1962இல், காமேஷ்வர் பிரசாத் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி ராஜகோபால ஐயங்கார் எழுதினார். வேலைநிறுத்தத்துக்கு அந்தக் காப்பை அவர் தரவில்லை.

அந்த இடைவெளிக்குள்தான் 2021 ஜூன் 30 அன்று அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம் நுழைந்தது. நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை 7 நிறுவனங்களாகப் பிரிக்கும் முடிவை எதிர்த்து ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று தொழிலாளர் சம்மேளனங்கள் அறிவித்திருந்தன. கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதையும், ஓவர்டைம் மறுப்பதையும்கூட அந்தச் சட்டம் வேலைநிறுத்தம் என்றே கணக்கிட்டது. கலந்துகொண்டால் ஓராண்டு, தூண்டினால் ஈராண்டு. ஓராண்டு ஆயுளோடு வந்த சட்டம்தான், ஆனால் அதன் வேலை சில வாரங்களிலேயே முடிந்துவிட்டது. அக்டோபர் 1 அன்று தொழிற்சாலைகள் நிறுவனங்களாயின. கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடிக்கே வந்தது.

பூந்தமல்லிக்குத் திரும்பலாம். 2003 டிசம்பர் 16 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) முதலானோர் பொடாவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ராஜேந்திர பாபுவும் மாத்தூரும் தீர்ப்புச் சொன்னார்கள். பொடா செல்லும் என்றார்கள். தகவல் தர மறுக்கப் பத்திரிகையாளருக்குத் தனிச் சலுகை இல்லை என்றும் சொன்னார்கள், அந்தப் பகுதி இன்றும் வலிக்கிறது. ஆனால் 21ஆவது பிரிவைப் படித்த விதத்தில் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். பயங்கரவாதச் செயலை முன்னெடுக்கும் எண்ணம் இல்லாமல் வெறும் அனுதாபமோ தார்மீக ஆதரவோ தெரிவிப்பது குற்றமாகாது என்று அந்தப் பிரிவைச் சுருக்கினார்கள். எண்ணம் என்ற அந்த ஒரு சொல்லை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். சட்டத்தை அடியோடு நீக்கியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்கூட, பேச்சுக்கும் செயலுக்கும் நடுவே அந்தத் தீர்ப்பு போட்ட கோட்டின் மதிப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோடு போட்டு முடிப்பதற்குள் வைகோ சிறையில் 17 மாதங்களைக் கழித்திருந்தார். பிணை கேட்க மாட்டேன் என்று நெடுங்காலம் மறுத்துவந்தவர், 2004 பிப்ரவரியில் வெளியே வந்தபோது 19 மாதங்கள் ஆகியிருந்தன. பேசியது ஒரு மாலைப்பொழுது. எம்பியும் கட்சித் தலைவருமான ஒருவருக்கு வாசலில் தொண்டர்களும், வாதாட முன்னணி வழக்கறிஞர்களும் இருந்தார்கள். ஊத்தங்கரையிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக 40 இடங்களையும் இழந்தது. சில நாட்களிலேயே மதமாற்றத் தடைச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பத்திரிகைகள் மீதான அவதூறு வழக்குகளும், அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் கைவிடப்படும் என்று முதல்வர் அறிவித்தார். நீதிமன்றம் திறக்காத கதவுகளை வாக்குச்சாவடி திறந்தது. செப்டம்பரில் மத்திய அரசு பொடாவை ரத்து செய்தது. அன்றைக்கே சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தை (உபா) திருத்தி, பொடாவின் பல பிரிவுகளை அதற்குள் வைத்தது. 21ஆவது பிரிவு அங்கே 39ஆவது பிரிவாக உட்கார்ந்தது: ஆதரவு கேட்பது, கூட்டம் நடத்துவது, கூட்டத்தில் பேசுவது, அதே பத்தாண்டு. ஆனால் தொடக்கத்தில் பொடாவில் இல்லாத சில சொற்கள் சேர்ந்திருந்தன. பயங்கரவாத அமைப்பின் செயல்பாட்டை முன்னெடுக்கும் எண்ணத்துடன் செய்தால்தான் அது குற்றம். வைகோவின் வேன் வேலூருக்கும் பூந்தமல்லிக்குமாக ஓடிக்கொண்டிருந்தபோது டெல்லியில் வாதிடப்பட்டு வென்ற சொற்கள் அவை. இன்று அந்தப் பிரிவில் கைதாகும் ஒருவருக்காகக் கரையான்சாவடியில் எழுந்து நிற்கும் வழக்கறிஞர் முதலில் விரல் வைப்பது அந்தச் சொற்களின் மேல்தான்.